பரணில் கிடைத்த பழைய அளவுக் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைக் காலி செய்யும்போதோ பட்டறையை மூடும்போதோ பரணிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கும். உளியும் சுத்தியலும் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அளக்கும் சாமான்களைப் பார்த்தால்தான் குழப்பம் வரும். தச்சு, வார்ப்படம், லேத், பொன் வேலை ஆகிய தொழில்களில் புழங்கிய பழைய கருவிகளைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்குப் பேட்டர்ன் பட்டறைப் பழக்கம், அதாவது வார்ப்படத்துக்கு மர மாதிரி செய்யும் இடம். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருப்பேன்.

எங்கள் தாத்தா தச்சர். அவருடைய மரக்கோல் 33 அங்குலம்தான் இருக்கிறது. உடைந்துபோன கெஜக்கோலா?

உடைந்தது இல்லை, அது முழக்கோல். நம் ஊர்க் கணக்கில் 8 நெல் ஒரு விரல், 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். ஆக முழம் என்பது 24 விரல். தமிழ்நாட்டுத் தச்சர்களும் சிற்பிகளும் பரவலாக வைத்திருந்த தச்சு முழம் 2 அடி 9 அங்குலம், அதாவது 33 அங்குலம். அதை 24 ஆகப் பிரித்தால் ஒரு விரலுக்கு 1 3/8 அங்குலம் வரும். உங்கள் கோலில் வெட்டியிருக்கும் கோடுகளை எண்ணிப் பாருங்கள். 24 பாகமோ, அதைப் பாதியாக்கிய 12 பாகமோ, 8 பாகமோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பூக்காரர் கையால் அளக்கும் முழம் சுமார் 18 அங்குலம்தானே, இது ஏன் இவ்வளவு நீளம் என்று அடுத்துக் கேட்பார்கள். பெயர் ஒன்று, அளவு வேறு. பூ முழம் அவரவர் கை நீளம். தச்சு முழம் ஒரு கட்டடத்துக்கென்று வைத்துக்கொண்ட அலகு. சிற்ப நூல்களிலேயே கோல் ஒன்று இல்லை, நான்கு உண்டு: 24 விரல் கொண்டது கிஷ்கு, 25 பிராஜாபத்யம், 26 தனுர்முஷ்டி, 27 தனுர்கிரகம். எதைக் கட்டுகிறோமோ அதற்கேற்ற கோல்.

பாலக்காட்டு உறவினர் வீட்டிலுள்ள முழக்கோல் இதைவிடச் சிறியதாக இருக்கிறதே?

இருக்கும். கேரளத்தில் பரவலாக வழங்கும் கோல் 72 செ.மீ., ஒரு விரல் 3 செ.மீ. அங்கேயும் 24 விரல்தான், விரலின் அளவுதான் வேறு. இரண்டும் அதனதன் ஊரில் சரி. ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தப் போகாதீர்கள்.

இரண்டு அடி இரும்பு ஸ்கேல் ஒன்று கிடைத்தது. புது டேப்போடு ஒப்பிட்டால் கால் அங்குலம் கூடுதலாக நிற்கிறது. தேய்ந்திருந்தால் குறையத்தானே வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உங்கள் கையில் இருப்பது பேட்டர்ன் ஆசாரியின் சுருக்கக் கோல்.

இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றினால், ஆறும்போது அது சுருங்கும். சாதாரண வார்ப்பிரும்பு அடிக்குச் சுமார் 1/8 அங்குலம் சுருங்கும். பித்தளைக்கு 3/16, எஃகு வார்ப்புக்கு 1/4 என்பது பட்டறைக் கணக்கு. ஒரு பம்பின் உடல் சரியாக 12 அங்குலம் வரவேண்டும் என்றால், மண்ணில் பதிக்கும் மர மாதிரியை, அதாவது பேட்டர்னை, 12 1/8 அங்குலத்துக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் எங்கேயாவது தவறும். அதனால் கோலையே நீட்டிவிட்டார்கள். அதில் 24 என்று போட்டிருக்கும் இடம் உண்மையில் 24 1/4 அங்குலம். வரைபடத்தில் 7 1/2 என்று இருந்தால் இந்தக் கோலில் 7 1/2 வைத்து மரத்தை வெட்ட வேண்டியதுதான். சுருக்கத்தை ஆசாரி நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், கோல் பார்த்துக்கொள்ளும்.

கோலின் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். அடிக்கு எவ்வளவு சுருக்கம் என்று பெரும்பாலும் பொறித்திருக்கும். ஒரே கோலின் நான்கு விளிம்புகளில் நான்கு விதச் சுருக்கம் உள்ளவையும் உண்டு. இரட்டைச் சுருக்கம் என்றும் ஒன்று உண்டு. மரத்தில் ஒரு தாய் மாதிரி செய்து, அதிலிருந்து அலுமினியத்தில் வேலை மாதிரி வார்த்து, அந்த அலுமினிய மாதிரியை வைத்து இரும்பு வார்ப்பார்கள். இரண்டு முறை சுருங்குவதால் இரண்டு சுருக்கத்தையும் சேர்த்து நீட்டிய கோல் அதற்கு வேண்டும்.

கோயம்புத்தூர் போல பவுண்டரியும் பம்பு செட்டும் நிறைந்த ஊர்க் காயலான் கடைகளில் இவை அவ்வப்போது தலைகாட்டும். கடைக்காரருக்கும் பெரும்பாலும் இது என்ன என்று தெரியாது. "அளவு தப்பு சார், பத்து ரூபாய் கொறச்சுக் குடுங்க" என்று எனக்கே ஒருவர் கொடுத்திருக்கிறார். நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் இருக்கிறது. அதற்குத் தண்டனையும் கிடைத்தது: அந்தக் கோலையே மறதியாக எடுத்து வீட்டில் ஒரு புத்தக அலமாரிக்குப் பலகை அறுத்தேன். ஒரு பலகைகூட உள்ளே இறங்கவில்லை.

"மூணு நூல் கம்பி" என்று பழைய ஆட்கள் சொல்வது எந்தக் கருவியின் அளவு?

அங்குலக் கோலின் அளவுதான். ஒரு அங்குலத்தில் எட்டு நூல். மூணு நூல் என்றால் 3/8, நாலு நூல் என்றால் அரை அங்குலம். தச்சரும் கொத்தனாரும் வெல்டரும் இன்றும் சொல்வார்கள். அதையும் தாண்டி, லேத் பட்டறையில் "ரெண்டு தௌ எடு" என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இல் வந்தது. கடைத் தராசு மாறியது. பட்டறை வாய் இன்னும் முழுசாக மாறவில்லை.

பழைய அங்குலமும் இப்போதைய அங்குலமும் ஒன்றா?

பட்டறை வேலைக்கு ஒன்றுதான். 25.4 மி.மீ. என்று 1959இல் நாடுகள் சேர்ந்து நிலைப்படுத்தின. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் அங்குலத்தோடு வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்கே.

மஞ்சள் மரத்தில் பித்தளைக் கீல் போட்ட மடக்கு ஸ்கேல். இது தந்தமா?

பெரும்பாலும் இல்லை, பாக்ஸ்வுட் என்ற மரம். இழை நெருக்கமானது, எளிதில் கோணாது, மெல்லிய கோடு வெட்டினாலும் சிலும்பு கிளம்பாது. இரண்டு அடிக் கோலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போடும்படி செய்திருப்பார்கள். பர்மிங்காமின் ராபோன், அமெரிக்காவின் ஸ்டான்லி ஆகிய பெயர்களை அதிகம் பார்க்கலாம்.

தந்தத்தில் செய்தவையும் உண்டு, ஆனால் அரிது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மரம் என்றால் இழை நேராக ஓடும், சிறு துளைகள் தெரியும். தந்தம் என்றால் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரியும். தந்தம் என்று உறுதியானால் விற்கும் நினைப்பை விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வணிகத்தை இந்தியாவில் முழுக்கத் தடை செய்திருக்கின்றன. பழசு என்பதால் விலக்கு கிடையாது.

காலிப்பரில் எண்ணே இல்லையே, எப்படி அளந்தார்கள்?

அது அளவைச் சொல்லும் கருவி அல்ல, அளவைச் சுமந்து செல்லும் கருவி. வளைந்த இரண்டு கால்களையும் கடைசல் உருளையின் மேல் வைத்துச் சரிசெய்து, அப்படியே எடுத்துப் போய் ஸ்கேலில் வைத்துப் படிப்பார்கள். ஸ்கேல்கூட இல்லாமல் மாதிரித் துண்டு ஒன்றோடு ஒப்பிடுவதும் உண்டு. உருளையின் மேல் காலிப்பர் தன் எடையிலேயே, லேசாக உரசிக்கொண்டு, மெல்ல இறங்க வேண்டும். தடதடவென்று விழுந்தால் தளர்வு, அழுத்தினால்தான் போகும் என்றால் இறுக்கம். கை பழகியவர்கள் இப்படியே ஒன்றிரண்டு தௌ வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள். லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே காலிப்பர் போட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருந்தது. கை விரல் போன கதைகளில் பாதி அங்கேதான் தொடங்கும்.

கால் நுனி வெளிப்பக்கம் வளைந்திருந்தால் அது துளையை அளக்கும் இன்சைடு காலிப்பர். ஒரு கால் கூராகவும் மறு கால் கொக்கியாகவும் இருந்தால் அது ஜென்னி. விளிம்புக்கு இணையாகக் கோடு கிழிக்கவும், உருளையின் மையத்தைக் கண்டுபிடிக்கவும் அதுதான் வேண்டும். ஒன்று கோணியிருக்கிறது என்று நினைத்து நிமிர்த்திவிடாதீர்கள். அப்படி நிமிர்த்தி நாசமாக்கிய இரண்டு ஜென்னிகளை நானே பார்த்திருக்கிறேன்.

பெண்ணின் கால் வடிவத்தில் செய்த காலிப்பர்களும் மேல்நாட்டிலிருந்து வரும். லேத்காரர்கள் வேடிக்கைக்காகச் செய்துகொண்டவை. இப்போது அதில் புதிதாகச் செய்து துருவேற்றியவை நிறையப் புழங்குவதால் விலை கேட்டு மயங்க வேண்டாம்.

நகரும் தாடை வைத்த வெர்னியர் காலிப்பரில் 128 என்று எழுதியிருக்கிறது. என்ன அர்த்தம்?

அங்குலத்தில் 128இல் ஒரு பங்கு வரை படிக்கலாம் என்று அர்த்தம். முதன்மைக் கோலில் ஒரு பாகம் 1/16 அங்குலம். நகரும் துண்டில் எட்டுப் பாகங்கள், அவை மொத்தமாக முதன்மைக் கோலின் ஏழு பாகங்களின் நீளம்தான். இரண்டுக்கும் பாகத்துக்கு 1/128 வித்தியாசம். எந்தக் கோடு எதிர்க்கோட்டோடு நேராக நிற்கிறதோ அதுவே விடை. இந்தத் தந்திரத்தைப் பிரெஞ்சுக்காரரான பியர் வெர்னியர் 1631இல் வெளியிட்டார். அவர் பெயரே கருவிக்கு நிலைத்துவிட்டது.

நகரும் தாடை கொண்ட காலிப்பர் மட்டும் அதற்கும் மிகப் பழசு. கி.பி. 9ஆம் ஆண்டு என்று பொறித்த வெண்கலக் காலிப்பர் சீனாவில் கிடைத்திருக்கிறது. ஸ்கூட்டர் மெக்கானிக் கையில் இருப்பதற்கும் அதற்கும் உருவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

மைக்ரோமீட்டர் அங்குலமா மில்லிமீட்டரா என்று தெரியவில்லை. எப்படிப் படிப்பது?

சுற்றும் குழலில் எத்தனை பாகம் என்று எண்ணுங்கள். 25 என்றால் அங்குலம், 50 என்றால் மில்லிமீட்டர். அங்குல மைக்ரோமீட்டரின் திருகில் அங்குலத்துக்கு 40 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு 25 தௌ நகரும். தண்டில் 2 என்ற எண்ணும் அதற்கு மேல் மூன்று சிறு கோடுகளும் தெரிந்து, குழலில் 12 நின்றால் 200 + 75 + 12 = 287 தௌ, அதாவது 0.287 அங்குலம், சுமார் 7.29 மி.மீ. மெட்ரிக்கில் ஒரு சுற்று அரை மில்லிமீட்டர், குழலின் ஒரு பாகம் 0.01 மி.மீ.

கையில் அடங்கும் இந்த வடிவத்துக்கு பாரிஸில் ழான் லோரான் பால்மர் 1848இல் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சில் இன்றும் இதற்குப் பெயர் பால்மர்தான். 1867 பாரிஸ் கண்காட்சியில் இதைப் பார்த்த அமெரிக்கர்களான பிரவுனும் ஷார்ப்பும் ஊர் திரும்பித் தாங்களும் செய்து விற்கத் தொடங்கினார்கள். அதன்பிறகுதான் சாதாரண மெக்கானிக்கின் கைக்கு இது வந்தது.

பழையதை வாங்குமுன் முழுசாக மூடி, பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். நிற்காவிட்டால் பயமில்லை, திருத்திக்கொள்ளலாம். திருகு ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளர்ந்தால்தான் கவலை. அடிக்கடி அளந்த இடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். சி கவ்வி போலப் பிடித்து இறுக்கியிருந்தாலும் தெரிந்துவிடும், கருவியின் வளைந்த சட்டகம் விரிந்திருக்கும்.

ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக, நம்பர் போட்ட வட்டத் தகடு?

கம்பி, தகடு கனம் பார்க்கும் கேஜ். நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். எஸ்.டபிள்யூ.ஜி. (ஸ்டாண்டர்டு வயர் கேஜ்) முறையில் 10ஆம் நம்பர் 0.128 அங்குலம், 22ஆம் நம்பர் 0.028 அங்குலம். பிரிட்டனில் 1884இல் சட்டபூர்வ அளவானது, இங்கே மோட்டார் காயில் கட்டுகிறவர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெட்டின் உள்முனையில் இருக்கும் வட்டத் துளையில் கம்பியை விட்டு அளக்காதீர்கள். அளவு வெட்டின் இடைவெளிதான். துளை, கம்பி தடையில்லாமல் வெளியே வருவதற்கு.

ரசமட்டத்தில் பாதரசம் இருக்கிறதா? விலை போகுமா?

பெயரில் மட்டும்தான் ரசம். உள்ளே இருப்பது சாராய வகைத் திரவமும் ஒரு குமிழியும். கண்ணாடி உடைந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். ரோஸ்வுட் அல்லது கருங்காலி உடலும் பித்தளை மேல்தட்டும் இருந்து, குமிழி ஓடினால் நல்ல விலை உண்டு. சோதிக்க வேண்டுமானால் ஒரு மேசைமேல் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் முனை மாற்றி வையுங்கள். குமிழி மேசையின் அதே பக்கம், அதே தூரம் தள்ளி நின்றால் மட்டம் சரி, மேசைதான் சாய்வு.

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்துக்கும் இதே வித்தைதான். நேரான விளிம்புள்ள பலகையில் வைத்து ஒரு கோடு, திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விரிந்தால், விரிவில் பாதி மட்டத்தின் பிழை.

சிலை வார்ப்பவர்கள் எந்த அளவுகோல் வைத்திருந்தார்கள்? சுவாமிமலையில் பழைய கோல் வாங்க முடியுமா?

அங்கே முக்கியமான அளவுகோல் தென்னை ஓலை. அதை வாங்க முடியாது, அடுத்த சிலைக்குப் புதிதாகக் கிழித்துக்கொள்வார்கள்.

செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலைக் கீற்றை நறுக்கி, சிலையின் உறுப்பு விகிதங்களுக்கான தாளக் கணக்குப்படி மடித்து மடித்துக் குறி போடுவார்கள். உத்தம தசதாளம் என்றால் மொத்த உயரம் 124 அங்குலம். தேவியர் சிலைக்கு வழக்கமான மத்திம தசதாளம் 120, நவதாளம் 108. இந்த அங்குலம் இரும்பு ஸ்கேலின் அங்குலம் இல்லை. சிலையின் உயரத்தில் 124இல் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஒரு முழ நடராஜரானாலும் ஆள் உயர நடராஜரானாலும் முகமும் மார்பும் தொடையும் அதே விகிதத்தில் அமைவது இதனால்தான். வார்ப்பதற்கு முன் செய்யும் மெழுகுச் சிலையின் வளைவுகளில் ஓலை படிந்து வளையும். இரும்புக் கோலால் அது ஆகாது.

பழமையான கருவி என்று தேடி அலைகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: இந்த முறை மிகப் பழசு, கருவியின் வயது ஒரு வாரம்.

உள்ளங்கை நீள மரப்பெட்டிக்குள் சின்னத் தராசு. கூடவே சிவப்பு விதைகள்?

பொற்கொல்லரின் தராசுப் பெட்டி. தட்டுகளுக்கும் எடைக்கற்களுக்கும் தனித்தனிக் குழி குடைந்திருக்கும். கறுப்பு முனை உள்ள சிறிய விதை குன்றிமணி. முழுச் சிவப்பாகப் பெரிதாக இருப்பது மஞ்சாடி. ஒரு மஞ்சாடிக்கு இரண்டு குன்றிமணி என்பது எடைக் கணக்கு. விதைகளைத் தூக்கிப் போடாதீர்கள், அவை இல்லாமல் பெட்டி முழுமையில்லை. ஆனால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குன்றிமணியைக் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து.

எத்தனை வருஷம் பழசு என்று எப்படித் தெரியும்?

செய்த நிறுவனத்தின் பெயர் மாற்றங்கள்தான் நல்ல தடயம். டார்லிங், பிரவுன் அண்ட் ஷார்ப் என்று மூன்று பெயரும் இருந்தால் 1866க்கும் 1892க்கும் இடையில் செய்தது. ராபோன் செஸ்டர்மன் என்று இணைத்து எழுதியிருந்தால் 1963க்குப் பிறகு வந்தது, எவ்வளவு அழுக்காக இருந்தாலும் சரி. ஒரே கோலில் அங்குலமும் சென்டிமீட்டரும் இருப்பதை மட்டும் வைத்து எதுவும் முடிவுகட்ட வேண்டாம், ஐரோப்பாவுக்கு அனுப்பிய பழைய கோல்களிலும் அது உண்டு. ஊர்த் தச்சர் தானே செய்த முழக்கோலுக்கு இந்த வழி எதுவும் உதவாது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்வதுதான் வழி.

எப்படிச் சுத்தம் செய்வது?

பித்தளை என்றதும் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வருவார்கள். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். புளியின் அமிலம் ஓரத்திலுள்ள இரும்பு ஆணிக்குள் இறங்கித் துருப்பிடிக்கும், தேய்த்த தேய்ப்பில் மெல்லிய கோடுகளும் போய்விடும். உப்புக் காகிதம், கிரைண்டர் பிரஷ் எதுவும் கூடாது. மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து, பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். விடாத துருவுக்கு மிக மெல்லிய எஃகுப் பஞ்சு, அதுவும் கோடுகள் ஓடும் திசையில் மட்டும். கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். மரக்கோலுக்குத் தண்ணீர் காட்டவே காட்டாதீர்கள்.

நல்ல விலை கிடைக்குமா? வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

சாதாரண காலிப்பரும் ஸ்கேலும் பெரிய விலைக்குப் போகாது. பெட்டியோடு முழுசாக இருப்பது, பழைய உரிமையாளர் பெயர் வெட்டியது, சுருக்கக் கோல் போலத் தொழில் அடையாளம் உள்ளது ஆகியவற்றுக்கு ஆள் உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் ஒரு சுற்று சுற்றினால் நிலவரம் புரியும். வெளிநாடு என்றால் எச்சரிக்கை: 100 வருஷத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும், தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

இன்றும் வேலைக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. மூலைமட்டமும் ஜென்னியும் ரசமட்டமும் சோதனையில் தேறினால் புதுசுக்குச் சளைத்தவை அல்ல. மைக்ரோமீட்டரை மட்டும் வெயிலில் கிடந்த கையோடு எடுத்து அளக்காதீர்கள். அளவுகளுக்கான பொது வெப்பநிலை 20 டிகிரி, நம் பட்டறை மதியத்தில் 35ஐத் தாண்டும். எஃகுக் கருவியால் எஃகை அளந்தால் இரண்டும் சேர்ந்தே நீளும், பாதகமில்லை. 100 மி.மீ. பித்தளையை அளந்தால் 0.01 மி.மீ. அளவுக்கு ஏமாற்றும். சுருக்கக் கோலை வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கம் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். என் அலமாரியைப் பார்த்தபிறகு நான் போட்டு வைத்திருக்கிறேன்.